தம்பிக்கு என்ன வியாதி

ஜூன் 7, திங்கள்
(நம் கணக்கில் 1943, ஜப்பான்காரன் புதுக் கணக்கில் 2603. எழுதிப் பழக வேண்டும், ஆபீசில் திட்டு.)

ராத்திரியிலிருந்து தூறல். டோக்கியோ நேரப்படி மணி ஏழு, வெளியே கும்மிருட்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மலேரியாவுக்கான கொய்னா தீர்ந்தது. அயோடின் அரைக் குப்பி. புண்ணுக்கு மருந்து கட்டும் டிரசர் நான், துணிக்குப் பழைய வேட்டி கிழிக்க வேண்டும்.

தம்பி செல்வம் நேற்றும் தூங்கவில்லை. பாதம் எரிகிறதென்று ஈரச் சாக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. கதிரேசன் கூப்பிடுகிறான் என்கிறானே, அதற்கு என்ன மருந்து? கதிர், பக்கத்து வீட்டுக் கூட்டாளி. ஏப்ரலில் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் போனவன். முதலில் பெயர் எழுதியது செல்வத்தைத்தான். அன்று இவனுக்கு மலேரியா, எழுந்திருக்க முடியவில்லை. தலைக்கணக்கு குறையக் கூடாதென்று கதிரை ஏற்றிவிட்டார்கள். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி ஆள் எடுக்க வருகிறார்களாம்.

ஜூன் 9, புதன்

வெயில். எனக்கும் எரிச்சல், காலில் அல்ல.

ஆளுக்கொரு காரணம். தம்பி மனைவி பார்வதி: "மரவள்ளி போட மரத்த வெட்டச் சொன்னாங்கள்ல மாமா, முனியாண்டி மரத்துல மொத வெட்டு இவருதான். வேற என்ன வேணும்?" கங்காணி வீரப்பன்: "பயம்லா டிரசரே. கூட்டாளி போய்ட்டான், அடுத்தது நம்மதான்னு மனசு ஒடஞ்சிருச்சு."

நான் விளக்கினேன். சோறு போய்க் கிழங்கே கதியென்று ஆனபின் லயத்து வீடுகளில் பலருக்குக் கால் எரிகிறது. வைட்டமின் குறைவு. தவிடு கொடுத்தால் சரியாகும்.

பார்வதி கேட்டாள்: "அவங்களுக்கெல்லாம் கதிர் கொரலு கேக்குதா மாமா?"

கோபம்தான் வந்தது.

வாங்க: தவிடு (ஈப்போ மில், வேட்டி கொடுத்து மாற்றணும்). சுண்ணாம்பு. முனிக்குப் பலி கொடுக்கப் பார்வதி சேவல் கேட்டாள், மாட்டேன் என்றேன்.

ஜூன் 12, சனி

ஈப்போ போய் வந்தேன். சைக்கிளுக்கு டயர் இல்லை, ரப்பர் குழாய்தான். இடுப்பு போயிற்று. காவல் நிற்கும் ஜப்பான்காரன் ஒவ்வொருவனுக்கும் இறங்கிக் குனிந்து வணக்கம். தவிடு கிடைத்தது.

வழியெல்லாம் ஒரே யோசனை. காரணம் எங்கே இருக்கிறது? உடம்பில் என்றால் தவிடு. மனதில் என்றால் பேச்சு. மரத்தில் என்றால் சேவல். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வியாதியா, ஒரே வியாதியை மூன்று உயரத்திலிருந்து பார்க்கிறோமா? டிரசர் பரீட்சையில் இதெல்லாம் கேட்கவில்லை.

லாரிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உடம்பு என்றால் அடுத்த லாரிவரை விடுவார்கள். முனி என்றால் சிரித்துக்கொண்டே ஏற்றுவார்கள். பைத்தியம் என்றால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரி.

ஜூன் 15, செவ்வாய்

தவிட்டுக் கஞ்சி இரண்டு வேளையும். எரிச்சல் குறைந்திருக்கிறது. குரல் போகவில்லை. என் வைத்தியம் பாதி வழியில் நின்றுவிட்டது.

என் நல்ல சட்டையைக் கொடுத்துச் சேவல் வாங்கினேன். வெட்டிய அடிமரத்தில் பார்வதி பூசை போட்டாள். கறியில் எனக்கும் பங்கு. நம்பிக்கை இல்லாவிட்டாலும் பசி இருக்கிறதே.

ஜூன் 16, புதன்

செல்வம் நன்றாகத் தூங்கினான். தானே சவரம் செய்துகொண்டான். குரல் இல்லையாம்! பார்வதி முகத்தைப் பார்க்க வேண்டும். கங்காணியும் விடவில்லை: "நான் தெனமும் அவன்கூட ஒக்காந்து பேசுனேன்லா." தவிடு வேலை செய்யக் கொஞ்சம் நாளாகும் என்று நானும் சொல்லிவைத்தேன்.

சந்தோஷப்பட முடியவில்லை. நாளை லாரி.

மாலையில் அவனைத் தனியாகக் கேட்டேன், எப்போது நின்றது என்று.

"முடிவு பண்ணுனதும் நின்னுருச்சுண்ணே."

"என்ன முடிவு?"

"நாளைக்கு நானே லாரில ஏறிருவேன். கதிரு இருக்கானா இல்லையான்னு பாத்துட்டு வாரேன். என் எடத்துலதானே அவன் போனான்."

தெளிவாகப் பேசுகிறான். அந்தத் தெளிவுதான் பயமாக இருக்கிறது. எங்கள் மூவரில் ஒருவரும் இவனிடம் கதிர் எதற்குக் கூப்பிடுகிறான் என்று கேட்கவே இல்லை. பார்வதிக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 17, வியாழன்

விட்டு விட்டு மழை. எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசை. அதிகாரிக்கு மலாயில் நாலு சொல் தெரியும். ஒவ்வொருவனாகக் காட்டி என்னிடம் "சாக்கிட்?" நோயா என்று. நான் தலையாட்ட வேண்டியது.

செல்வம் முதல் ஆளாக நின்றான். குளித்து, திருநீறு பூசி.

"சாக்கிட்?"

என் விரல் தானாக நெற்றிப்பொட்டுக்குப் போயிற்று. "கிலா," என்றேன். பைத்தியம்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரிக்குப் புரிகிற மலாயில், பணிவாக, தனக்கு ஒன்றுமில்லை, சயாமுக்குப் போக விருப்பம் என்றான். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தான். சயாமுக்குத் தானாகப் போகிறேன் என்பவன் வேறு யாராக இருப்பான்? என் சொல்லுக்கு இவனே சாட்சி ஆகிவிட்டான்.

வேறு லாரியில் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வதி மண்ணை வாரி என்மேல் தூற்றினாள். "நல்லா ஆனவர கிலான்னு சொல்லிட்டீங்களே மாமா." சயாமுக்கு இது மேல் என்றேன். மேல்தான். மேலாக இருக்க வேண்டும்.

லாரி திரும்பும்போது "அண்ணே" என்று ஒரே ஒரு முறை. கோபமாகக்கூட இல்லை.

ஜூன் 19, சனி

நல்ல வெயில். புண்காரர்கள் நிறைய, வேட்டித் துணியும் தீர்ந்தது. தம்பியைப் பார்க்கப் போக பாஸ் கேட்டேன், இல்லை என்றார்கள்.

மத்தியானம் மருந்து கலக்கும்போது பின்னால் "அண்ணே". திரும்பினால் யாருமில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி.

காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். பாதம் எரியவில்லை. தவிட்டுக் கஞ்சி நானும்தான் குடித்தேன். முனி மரத்தை நான் தொட்டதுகூட இல்லை.