கட் சொன்னதும் எழுந்துவிடுகிறவளுக்கு

இன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து நகைக்கடைக்காரர் சாம்பிராணித் தட்டை என் தையல்கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். பதுளை பஜாரில் வெள்ளிக்கிழமை என்றால் இது வழக்கம்தான். ஆனால் அந்தப் புகை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும், எனக்கு நீ பாடையில் கிடந்தது ஞாபகம் வருகிறது. அதுவும் முதல் தடவை கிடந்தது.

வேண்டாத நாளெல்லாம் வந்து துணியைக் காயவிடாத பனிமூட்டம், அந்தச் சூட்டிங் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. படக்காரர்கள் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, லயத்து வாசல் முழுக்கப் புகையைக் கிளப்பினார்கள். "அப்புத்தளப் பக்கம் வந்து பனி செஞ்சுக்கிட்டு இருக்காங்க. இவங்கள என்னத்தச் சொல்ல" என்று பாடையில் கிடந்தபடி, கண்ணைத் திறக்காமலே நீ சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னையும் அழுகிற கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டிருந்தாய். அழவேண்டியவள் சிரித்ததால் அதைத் திரும்ப எடுத்தார்கள்.

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பிரா அறையில் பிறந்தவர்கள் நாம். நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. உன் வீட்டில் நீ பாட ஆரம்பித்தால் என் வீட்டில் யாரும் கண்ணை மூட முடியாது. "அந்தப் புள்ளைய யாருக்காவது கட்டிக் குடுங்கப்பா" என்று என் அப்பா சுவரைத் தட்டுவார், நீ இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவாய். பிறகு திருவிழாக் கச்சேரிகளில் நீ முன்னால் நின்று பாடினாய், நான் பின்னால் நின்று கோரஸ் இழுத்தேன். எனக்குக் குரல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். உன் வெள்ளிநிற ஜாக்கெட்டைத் தைக்கிறவள் என்பதால்தான் என்னைக் குழுவில் வைத்திருப்பதாகச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தாய்.

"பஸ்ஸு மாமா, பஸ்ஸு மாமா, பதுளை மட்டும் ஏத்திப் போங்க" என்ற உன் பாட்டு போனில் ஓடத் தொடங்கியதும் நம் ரோட்டில் அதைப் போடாத பஸ் இல்லை. அந்த வருசம் நீ பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் யாரையாவது எழுப்பி உனக்கு சீட் கொடுப்பான். பொப் பாட்டுக்காரி என்று நம் தோட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே சனம் அதிசயமாகப் பேசியது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து டெலிநாடகக்காரர்கள் உன்னைத் தேடி வந்தார்கள்.

உனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதையே அவர்கள் குறையாகச் சொன்னார்கள். இவ்வளவு நன்றாகப் பேசக்கூடாது, தோட்டத்துப் பெண் மாதிரி உடைத்துப் பேசு என்றார்கள். நீயும் உடைத்துப் பேசினாய். கொழுந்துக் கூடையைத் தூக்கினாய், வெற்றிலை போட்டாய், நாலைந்து வாரத்தில் செத்தாய். ஒரு நாடகத்தில் மண் சரிந்தது, ஒன்றில் பாம்பு கடித்தது, ஒன்றில் பிள்ளைப்பேறு. பாட்டுப் பாடியதால் கூட்டிக்கொண்டு போனவர்கள், ஒரு நாடகத்திலாவது உன்னைப் பாடச் சொல்லவில்லை. அதை நான் கேட்டபோது, "எனக்கு சாவுதான்டி மாசச் சம்பளம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம் வந்தது. நீதான் கதாநாயகி, நம் தோட்டத்திலேயே சூட்டிங். கடைசியில் நீ சாகவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. தப்பு அடிக்க உன் மாமாவையே கூப்பிட்டார்கள். தோட்டத்தில் யார் செத்தாலும் அவர்தானே அடிப்பார். ஆனால் மாமா திருவிழாவுக்கு அடிக்கிற அடியை அடித்தார். டைரக்டருக்கு எல்லாம் ஒன்றுதான், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நீதான் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாய்.

"மாமா, இது தேருக்கு அடிக்கிறது. சாவுக்கு அடிக்கிறத அடிங்க."

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு அத அடிக்க மாட்டேன். என்னைய விட்டுரு."

"எல்லா நாடகத்துலயும் என்னையப் பொய்யா சாகடிச்சாங்க மாமா. அவங்களுக்கு நம்ம சாவு எப்படின்னே தெரியாது. இது ஒன்னாவது நெசமா இருக்கட்டுமே."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு தப்பைத் தீயில் காய்ச்சினார். பிறகு அந்த அடியை அடித்தார். 

அந்த அடி கேட்டால் நம் சனம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததா? மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி, கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் கேமரா நிற்கிறது. டைரக்டர் "கட்" என்றதும் தப்பு நின்றது. பிணம் எழுந்து உட்கார்ந்து, "பிளேன்டி இருக்கா?" என்று தேத்தண்ணீர் கேட்டது. கங்காணி அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு அரைப்பேர்தான் போட்டார், பாதிச் சம்பளம் போய்விட்டது. நீ கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாய். அவர்கள் போட்ட கூடையை எடுக்கத் திரும்ப மலை ஏறினார்கள்.

அந்தப் படத்தை நம் தோட்டத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. கொழும்பில் கொஞ்ச நாள் ஓடியதாம். ஆனால் நம் லயம் படக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டது. வேறு வேறு ஆட்கள் வந்தார்கள், வேறு வேறு நடிகைகள் செத்தார்கள், மாமாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். மலையில் நிற்கிற பெண்கள் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. 'படம்' என்று சொல்லிவிட்டுப் பறிப்பார்கள்.

மார்பில் கட்டி இருப்பதை நீ ரொம்ப நாள் மறைத்துவிட்டாய். கொழும்பு ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது உன் கை என் கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தது. நீ போனபிறகு உடலைக் கொழும்பிலேயே வைத்து நடிகர்கள் எல்லாம் வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று யாரோ சொன்னதற்கு, வேண்டாம் என்றாய். "என்னைய மேல கொண்டு போயிரு புள்ள. மாமா அடிச்சா சனம் வந்துரும். எனக்கு அந்தக் கூட்டம் போதும்." ஆயிரம் பேர் கைதட்டிய மேடையில் நின்றவள் நீ. கடைசியில் கேட்டது அதை மட்டும்தான். சரி என்று நான் தலையாட்டினேன்.

உன்னைக் கொண்டுவந்த அன்றைக்குப் பனிமூட்டம் தானாகவே வந்திருந்தது. மலர்ச்சாலைக்காரர்களின் பிரேத வேனிலிருந்து இறக்கும்போது உன் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. லயத்தில் இருந்த வயசானவர்களும் நோயாளிகளும் மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் மலையில். அதற்கு முன்பே போனில் இரண்டொரு தடவை உன்னைச் சாகடித்து, மாலை போட்ட படம் அனுப்பியிருந்தார்கள், அதனால் போனில் வந்த செய்தியையும் ஒருவரும் நம்பவில்லை. மாமா அந்த அடியை எடுத்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பனிக்குள்ளிருந்து ஒருத்திகூட இறங்கி வரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை, மலை ஏறினேன். மூச்சு வாங்க அழுதுகொண்டு போய், வாங்க என்று கூப்பிட்டேன்.

"இன்னிக்கு யாரு சாவுற படம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

உன் பெயரைச் சொன்னேன்.

"அவதான் எப்பவும் சாவுறாளே."

"நெசமா செத்துட்டா. சாமி சத்தியமா."

"போன தடவயும் நீங்க இப்படித்தான்க்கா அழுதீங்க. ஓடி வந்து அரைப்பேரு போனது எங்களுக்குத்தான்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வந்தது. நிஜமாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி, இருந்த ஒரே நிஜத்தையும் படத்துக்குக் கொடுத்துவிட்டாயே என்று மனசுக்குள் உன்னைத் திட்டினேன். அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழை தூற ஆரம்பித்தது. கீழே மாமா அடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியம்மா கையை நிறுத்தினாள். காதைக் கீழ்ப்பக்கம் கொடுத்து நின்றாள். "ஏண்டி, நிக்கலியே" என்றாள். அப்புறம்தான் மற்றவர்களும் காதுகொடுத்துக் கேட்டார்கள். சூட்டிங் என்றால் கட் சொல்வார்கள், தப்பு நிற்கும், மறுபடி எடுப்பார்கள். இது நிற்கவே இல்லை. மழையில் தோல் நனைந்து சத்தம் மங்கிய பிறகும் மாமா விடவில்லை. சாவு வீட்டில் எடுத்துப் போகிற வரைக்கும் அடியை நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரியம்மா தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றினாள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் கழற்றினார்கள்.

அவர்கள் இறங்கி வரும்போது உன்னைக் குழிக்குள் இறக்கியாகிவிட்டது, உன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொழுந்துக் கறை படிந்த கையால் எல்லோரும் மண் அள்ளிப் போட்டார்கள். நீ கேட்ட கூட்டம் வந்தது. பிந்தித்தான் வந்தது.

மாமா விரல் வெடித்து ரத்தம் கசிய, அதற்குப் பிறகுதான் தப்பைக் கீழே வைத்தார். நிறுத்தினால் சனம் நம்பாது என்று தெரிந்துதான் அடித்தீர்களா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கப் பயம். ஏனென்றால் அன்றைக்கு மலையில் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் அது நிற்காததைக் கேட்டு உன்னை நம்பினார்கள். நான் அது ஒரு தடவை நின்றுவிடாதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பஜாரில் எங்கேயாவது தப்புச் சத்தம் கேட்டால் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். தைக்கக் கொடுத்தவர்கள் முன்னால் நின்று என்னைப் பார்ப்பார்கள். அது நிற்கட்டும் என்று காத்திருப்பேன். நின்றால் நீ எழுந்து உட்கார்ந்து பிளேன்டி கேட்பாய்.