ஸ்டெல்லாவின் கேமில் வரும் மாமா

ஞாயிறு, இரவு.

அக்கா மகள் ஸ்டெல்லா, தோழியோடு சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். இன்று எனக்கு அதன் முதல் பகுதியை மட்டும் இலவச டெமோவாகக் கொடுத்தாள். மைசூரிலேயே என்னைப்போல யாரும் ஆடியிருக்க முடியாது. கேமில் வரும் ஆற்றில் நான்கு தடவைதான் விழுந்தேன்.

அதில் ஒரு மாமா வருகிறார். தசரா யானையை ஒற்றைக் கையால் நிறுத்தியதாகச் சொல்கிறார். அது என் கதை. நான் நிறுத்தியது இரண்டு யானை, அவள் ஒன்றைக் குறைத்துவிட்டாள். அவர் வாயைத் திறந்ததும் தெருவே கதவைச் சாத்துகிறது. அதோடு டெமோ முடிந்துவிட்டது.

"யாருடி இந்த மாமா?"

"சும்மா ஒரு கேரக்டர், மாமா."

"கடைசில யாராச்சும் கதவத் திறப்பாங்களா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். வாங்கி ஆடிப் பாருங்க."

நாளை வாங்கிவிடுவேன். அந்த மாமா நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் முன், ஒரு கதவாவது திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.