நீலக் குப்பி

மார்ச் 4

அன்புள்ள பாப்பா,

இக்கடிதத்தில்:
1. நீ என் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய கிளி எச்சங்களின் சோதனை முடிவு
2. பஞ்சவர்ணக்கிளிச் சோடி பற்றி என் கருத்து
3. உன்மேல் ஒரு மனத்தாங்கல்

முதலாவது. பெண்ணின் தீனியில் சிவப்புச் சாயமும் ஆணின் தீனியில் நீலமும் நீ கலந்து கொடுத்ததால், எது யாருடைய எச்சம் என்று பிரிப்பது சுலபமாக இருந்தது. சிவப்புக் குப்பிகளில் முட்டையிடப்போகும் பெண்ணுக்குரிய ஹார்மோன் துளிகூட இல்லை. நீலத்தில் அது தெரிந்ததை, அள்ளும்போது ஏதோ கலந்திருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். இன்னொரு முறை சோதித்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

இரண்டாவது. ஆகவே இவை சோடி சேரவில்லை. பிரித்து வேறு துணை பார்க்கலாம். பறவைப் பூங்காவின் மருத்துவர் நீ, முடிவு உன்னுடையது.

மூன்றாவது. குப்பிகள் தவறாமல் வருகின்றன. உன்னைப் பற்றி இரண்டு வரி எழுதக் கை வலிக்கிறதா? மாப்பிள்ளை நலமா?

உன் அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

உங்கள் முடிவைக் காட்டியதும் பூங்கா மேலாளர், "உங்கப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்னம்மா யோசனை? பிரிச்சு வைங்க" என்றார். பிரித்தேன். ஆண் கத்திக் கத்தித் தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. நேற்றுக் காலை பெண், தனிக்கூண்டின் சிமெண்டுத் தரையில் முட்டையிட்டிருந்தது. உடைந்து கிடந்தது. முட்டைப் பெட்டி வைக்கவில்லை. எதற்கு வைப்பேன்?

போன மாதமே எழுதினேனே அப்பா. அவள் தட்டைக் காலி செய்வது அவன். தன் தட்டில் தின்றதைக் கக்கிக் கக்கி அவளுக்கு ஊட்டுகிறான், பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது என்று. எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. நீங்கள் பிடித்துவிடுவீர்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தில் கிளிகளைப் பற்றி மட்டும் எழுதவில்லை. பதில் வராததை மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பாப்பா

மார்ச் 22

பாப்பா,

பழைய கடிதத்தைத் தேடினேன். மேல்பாதியில் குப்பிகளின் பட்டியல் இருந்தது. அதைக் கத்தரித்து ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கீழ்ப்பாதியை, படிக்காமலே மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றுதான் உருவிப் படித்தேன். மேசை ஆடட்டும்.

அவன் ஊட்டியதையே தின்றதால் நீலக் குப்பி அவளுடையது. அவள் தட்டைக் காலி செய்ததால் சிவப்பு அவனுடையது. கருவி உண்மையைத்தான் சொன்னது. நான்தான் கலப்படம் என்றேன். தவறு முழுக்க என்னுடையது, இன்றே சேர்த்து வையுங்கள் என்று உன் மேலாளருக்கு எழுதிவிட்டேன். தவறை ஒப்புக்கொண்டு எழுதிப் பழக்கமில்லை. கிழித்துக் கிழித்து எழுதினேன்.

கடைசி வரியில் கேட்டிருக்கிறாய்: "அப்பா, அவர் என்கிட்ட பேசியே மாசக்கணக்காச்சு. கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" அதற்கு நான் அனுப்பிய பதில், கிளி எச்சத்தின் முடிவும், மாப்பிள்ளை நலமா என்ற விசாரிப்பும். எழுதவே கூசுகிறது. உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வா. அம்மாவின் அலமாரியை உனக்காக ஒழித்து வைத்துவிட்டேன்.

என் முதல் கடிதத்தின் இரண்டாவது விஷயம் தவறென்று கிளியே சொல்லிவிட்டது. மூன்றாவதும் தவறு, பாப்பா. நீ எழுதியிருந்தாய்.

அப்பா