இந்த வாரத்து ரகசியச் சொல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. வீட்டுப் போன் எந்நேரமும் உன் அப்பாவின் சட்டைப் பையில் காவலில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் நம் ஊரே இருட்டில் கிடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். அப்பா வேலை பார்க்கும் மின்நிலையத்தின் கணினிகளை எவனோ கண்காணாத இடத்தில் உட்கார்ந்து முடக்கிவிட்டான். மேலதிகாரிக்குப் பதவி உயர்வு என்று ஒரு மின்னஞ்சல் வந்ததாம். மனிதர் வாயெல்லாம் பல்லாக அதைத் திறந்தாராம். அவ்வளவுதான். விளக்கு போச்சு, குழாய்த் தண்ணீர் போச்சு, தெரு சிக்னல் போச்சு. சரிசெய்ய ஓடினால் கட்டுப்பாட்டு அறைக் கதவு அட்டை வைத்தால்தான் திறக்குமாம். கதவு திறக்கக் கரண்ட் வேண்டும்; கரண்ட் வர உள்ளே போக வேண்டும். நல்ல கூத்து! கடைசியில் அப்பாதான் கழிப்பறை ஜன்னல் வழியாக நுழைந்தார். வயிறு மாட்டிப் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.

அந்த வீரத்துக்காக அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். வந்தது வினை. ஆபீஸ் விதியெல்லாம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாரம் ஒரு ரகசியச் சொல். சொன்னால்தான் கதவு திறக்கும். ஒருநாள் காய்கறிப் பையோடு வந்து நிற்கிறேன், சொல் மறந்துபோச்சு. "நான்தாங்க, உங்க பொண்டாட்டி" என்றேன். "அப்படி யாரு வேணும்னாலும் சொல்லலாம்" என்றார் உள்ளேயிருந்து. "அப்படிச் சொல்லணும்னு வேற எவளுக்குத் தலையெழுத்து?" என்று நான் போட்ட சத்தத்தில்தான் கதவு திறந்தது.

அந்த நேரம் பார்த்து நீ போனில் கூப்பிட்டாய். சண்டை போட்டுக்கொண்டு போனவன், இரண்டு வருஷம் கழித்து "அப்பா, நான்தான்" என்கிறாய். இந்த மனுஷன், "இந்த வாரத்துச் சொல் என்ன?" என்கிறார்! "என்னப்பா, இன்னும் கோபமா?" என்று நீ கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இப்பல்லாம் குரலைக்கூடப் போலியா செஞ்சுடறாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. நீங்களே கூப்பிடுங்கள் என்றால், அதற்கு விதியில் இடமில்லையாம். பெற்ற பிள்ளையின் குரல் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும்டி. அதான் பயம். அவன் குரல்ல எவன் வந்து கேட்டாலும் நான் எல்லாத்தையும் திறந்து விட்டுடுவேன்" என்றார்.

மறுநாள் சொல்லை மாற்றினார். அதற்கப்புறம் வாரங்கள் போகின்றன, மாற்றவே இல்லை. நான் கேட்டால், "இருக்கட்டும்" என்கிறார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளை. கட்டளை கிடக்கட்டும். சொல், "உப்புமூட்டை". சின்ன வயதில் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் கூவி விற்பாரே, அதேதான்.

கூப்பிடு கண்ணா. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அவர் கேட்டவுடன் பட்டென்று சொல்லிவிடாதே. கொஞ்சம் யோசித்து, உனக்கே ஞாபகம் வந்ததுபோலச் சொல்லு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

கதவுக்கு உள்பக்கம் காத்திருக்கும்
உன் அம்மா