வாய் உன்னுடையதுதான், பவளமக்கா

என் பாசமுள்ள பவளமக்கா,

நல்ல சேதியோடு எழுதுகிறேன். நாங்கள் வென்றுவிட்டோம். எதை வென்றோம், எப்படி வென்றோம் என்று ஆறுதலாகச் சொல்கிறேன். பாதியில் நிறுத்தினால் உனக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டிய இடங்கள் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கனகராயன்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளுக்குப் போனால் எங்கள் சின்னக் கிராமம். குளக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த அப்பாவும் அம்மாவும் காடு வெட்டி எடுத்த காணி அது. அம்மா கடைசிவரைக்கும் ‘ஆமா’ என்றுதான் சொல்லுவா. இங்கேயே பிறந்த நீயும் நானும் ‘ஓம்’ என்போம். அப்படியிருந்தும் ஊருக்கு நாங்கள் தோட்டத்துச் சனம்தான்.

அத்தான் வவுனியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமான பிறகு உன்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. களை பிடுங்கக் கூப்பிடுவார்கள், நெல் விளைந்தால் அருவி வெட்டக் கூப்பிடுவார்கள். கூட்டங்களில் நீ பின்னால் நிற்பாய். வாய் திறந்தால் யாராவது இருமுவார்கள், அல்லது மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள்.

தை மாதக் கடைசியில் குளக்கட்டு மாரியம்மன் கோயில் பொங்கல் வரும்போது மட்டும் எல்லாம் மாறும். உடுக்கு அடிக்கத் தொடங்கினால் உனக்கு உரு வரும், அம்மன் இறங்குவா. மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக நீ ஆடி நிற்கும்போது வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற மேல் வயல்காரர்கள்கூட வந்து குனிவார்கள். முதல் நாள் உன்னை ‘இவள்’ என்று சொன்னவர்கள் அன்றைக்கு ‘தாயே’ என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது.

அந்த ஒரு வருடத்தை நான் மறக்கவில்லை. பயிர் கதிர் தள்ளுகிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. மேலே இருந்தவர்கள் வாய்க்காலை மறித்துத் தங்களுக்குப் பாய்ச்சினார்கள். கடைசியில் இருந்த எங்கள் வயல்கள் வெடித்துக் கிடந்தன. குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற கமக்காரர் அமைப்பின் தலைவர் சிவலிங்கத்தாரிடம் நீ போய்க் கேட்டாய். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, ஒரு பதிலும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார் என்று வந்து சொன்னாய்.

அந்தக் கிழமைதான் பொங்கல் வந்தது. உரு வந்து ஆடிக்கொண்டிருந்த நீ சனத்துக்கு நடுவில் அவரைத் தேடிப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்.

“சிவலிங்கம், என்ர பிள்ளையளின்ர வயல் காயுது. அங்க தண்ணி வராட்டில் நான் இந்தக் குளத்தில இருக்க மாட்டன்.”

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். “ஓம் தாயே” என்றார். விடிந்தபோது எங்கள் வயலில் தண்ணீர் நின்றது.

அன்று காலை குசினிக்குப் பின்னால் நீ சேலையில் பட்ட மஞ்சளையும் சாம்பலையும் அலசிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, நேற்றுக் கதைத்தது அம்மனா நீயா என்று கேட்டேன். நீ அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கையிலிருந்த சேலையை வாளிக்குள் விட்டாய்.

“நடுக்கம் உண்மை, கமலி. கண் இருட்டிறதும் உண்மை. அது எங்கயிருந்து வருதெண்டு எனக்கே தெரியாது. ஆனா வாய் என்ர வாய்தான்.”

பிறகு சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாய். “பவளமும் போய்க் கேட்டவள்தானே. பவளத்துக்கு ஆர் தந்தது?”

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. சண்டையில் இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், கோயிலைத் தகரம் போட்டு மறுபடி எழுப்பினோம். நான் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்துக் கிளிநொச்சியில் ரீச்சரானேன். உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஒரு பின்நேரம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டே போய்விட்டாய். உன் செத்தவீட்டுக்குச் சிவலிங்கத்தார் வந்தார். உள்ளே வராமல் படலையடியில் நின்றுவிட்டுப் போனார்.

போன வருடம் வன்னியில் சித்திரம் செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து கிளிநொச்சி மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைக்க முடிவு செய்தோம். உன்னைத்தான் செய்ய வேண்டும் என்று எனக்குள் எப்போதோ தீர்மானமாகியிருந்தது. ஆனால் வெறும் வர்ணத்தால் உன்னைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இப்போது கலப்பு ஊடகம் என்று ஒன்று இருக்கிறது. துணி, மண், இரும்பு, நூல், கைக்கு வருகிற எதையும் படத்துக்குள் சேர்க்கலாம். நீ இருந்திருந்தால், படிப்பிச்சு ரீச்சராக்கினது குப்பை பொறுக்கவோ என்று கேட்டுச் சிரித்திருப்பாய்.

அதிகாரத்தைக் காட்ட வேண்டுமென்றால் கிரீடம் வைப்பார்கள், வாள் வைப்பார்கள். எங்கள் ஊரில் கிரீடத்தை யார் கண்டது? அங்கே அதிகாரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற குளத்துத் துருசைத் திறக்கிற இரும்புச் சக்கரம் ஞாபகம் வந்தது. அதைத் திருப்புகிறவன்தான் யாருடைய வயல் விளையும் என்று முடிவு செய்கிறான். குளத்தைத் திருத்தியபோது பழைய சக்கரத்தைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்திருந்தார்கள். கேட்டு வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மன் சிலைக்குப் பின்னால் திருவாசி வைக்கிறது போல, துருவோடு அப்படியே உன் தலைக்குப் பின்னால் வைத்தேன்.

உன்னை இருத்தியது ஒரு பிளாஸ்ரிக் கதிரையில். பெரிய ஆட்கள் வந்தால் பள்ளிக்கூடத்தில் கதிரைக்கு வெள்ளைத் துணி விரிப்போமே, அதையே விரித்தேன். உடம்பு முழுக்க, வயலுக்குப் போடுகிற பசளைப் பைகளைப் பிரித்துத் தைத்தது. அதற்கு மேல் உன் மஞ்சள் சேலை. குளத்து மண்ணில் சாம்பலும் உமியும் குழைத்துக் கையைச் செய்தேன். காலுக்குத்தான் கஷ்டப்பட்டேன். எவ்வளவு செய்தும் அது படத்துக்காலாகவே இருந்தது.

உன்னோடு ஒரே வரிசையில் களை பிடுங்கிய சரசக்காவிடம் போய் நின்றேன். அவாவின் வயலும் வாய்க்காலின் கடைசியில்தானே. காலை அச்செடுக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்கப்பட்டா. பிறகு வாளியில் கரைத்த சாந்துக்குள் காலை வைத்தா. “பவளத்தின்ர காலும் என்ர காலும் ஒண்டுதான். ஒரே சேத்தில நிண்ட கால்” என்றா. வெடித்த குதிக்கால் வெடிப்போடு அப்படியே வந்தது. அதில் சிலம்பு பூட்டினேன்.

முகம் வரவேயில்லை, அக்கா. கண் வைத்தால் அது அம்மனாகிவிட்டது. உன் கண்ணை வைத்தால் வெறும் துக்கமாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வாயை மட்டும் வெட்டினேன். திறந்த வாய். ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்தேன். பின்னால் ஒரு பல்ப் பூட்டி, அதை மாற்ற ஏறுவதற்கு ஒரு மர வாங்கும் போட்டு வைத்தேன். பக்கத்தில் ஒட்டிய மட்டையில் உன் பெயரையும், நீ அன்றைக்குச் சொன்னதையும் எழுதினேன்: ‘நடுக்கம் உண்மை. வாய் என்ர வாய்தான்.’

எழுதும்போது கை கூசியது. நீ எனக்கு மட்டும் சொன்னதல்லவா?

கண்காட்சி தொடங்கிய அன்றே யாரோ உன் காலடியில் செவ்வரத்தம் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பின்நேரம் சிவலிங்கத்தார் வந்தார். கிளிநொச்சியில் மகள் வீட்டுக்கு வந்தவர், ஊர்க் குளத்துச் சக்கரம் கண்காட்சியில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். முதலில் காலைப் பார்த்தார். மெல்ல மேலே பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மட்டையை வாசித்தார்.

“இது அம்மனில்லை. பவளம்.”

“ஓம் ஐயா, பவளமக்காதான்.”

“பவளத்தை இருத்திவைச்சு எங்களைக் கும்பிடச் சொல்லுறியோ?”

“கும்பிடச் சொல்லேல்லை ஐயா. கேக்கச் சொல்லுறன்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. மண்டபத்துக்குப் பொறுப்பான பிள்ளையிடம் போய், இது அம்மனையும் நம்பின சனத்தையும் பழிக்கிறது, எடுக்க வேண்டும் என்றார். நாளைக்குக் கோயில் ஆட்களோடு வருவதாகச் சொன்னார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரைக் கும்பிட்டனான்?” என்று கேட்டார். அந்தக் குரலில் கோபத்தை விட வேறொன்று இருந்தது. எனக்கு அவரில் இரக்கம் வந்தது, அக்கா. நீயென்றால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, பிரச்சினை வேண்டாம் ரீச்சர், ஒரு துணியைப் போட்டு மூடுவோமா என்று கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். நேரே சரசக்கா வீட்டுக்குத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் நாளைக்கு வருவது நிச்சயமா என்று மட்டும் கேட்டா. நிச்சயம் என்றேன். அப்படியென்றால் தாங்களும் வருவதாகச் சொன்னா.

அடுத்த நாள் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் நல்ல சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கண்காட்சி மண்டபத்துக்குள் அவர்கள் கால் வைத்தது அன்றைக்குத்தான். உன் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள். பசளைப் பையின் எழுத்தை வாசித்துச் சிரித்தார்கள். சரசக்கா அச்சில் வந்த காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தா. பிறகு பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனா. அந்த நேரம் சிவலிங்கத்தார் கோயில் ஆட்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தார்.

அவர் உனக்கு முன்னால் வந்து நின்றதும் உன் வாய் கதைத்தது.

“சிவலிங்கம்.”

அவருடைய கை தானாகவே தோளுக்குப் போய்ச் சால்வையை எடுத்தது, இடுப்பில் கட்டியது. அவர் கட்டினார் என்று சொல்ல முடியாது, கை கட்டியது.

“சிறுபோகத்துக்கு என்ர பிள்ளையளுக்கு ஏன் பங்கில்லை?”

உனக்கு விளங்கும், வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் குளத்தில் மிஞ்சுகிற தண்ணீருக்கு ஏற்ப வயலைப் பங்கிட்டுச் சிறுபோகம் விதைப்பார்கள். அந்தப் பங்கில் எங்கள் பக்கத்துப் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. நீ இருக்கும்போதும் இல்லை.

“ஆர் கதைக்கிறது?” என்று அவர் கேட்டார்.

வாங்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரசக்கா முன்னுக்கு வந்தா. சும்மா எட்டிப் பார்க்கத்தான் ஏறினதாம். அவரைக் கண்டதும் வாய் வந்துவிட்டதாம். இதைப் பிறகுதான் எனக்குச் சொன்னா. அவருக்குச் சொன்னது வேறு.

“நான்தான் ஐயா, சரசு. உள்ளுக்க நிண்டு சொன்னது வடிவாக் கேட்டுதோ தெரியாது. முன்னுக்கு நிண்டே கேக்கிறன். எங்களுக்கு ஏன் பங்கில்லை?”

கோயில் ஆட்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவலிங்கத்தார் கையைக் காட்டி மறித்தார். சரசக்காவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி சரசக்காவைப் பார்த்தார். சால்வையை அவர் திரும்பத் தோளில் போடவில்லை, அக்கா. அது இடுப்பிலேயே இருந்தது.

“கூட்டத்துக்கு வா. அங்க கதைப்பம்.”

“வாறன் ஐயா. ஆனா பின்னுக்கு நிண்டு கேக்க மாட்டன். கதிரை போடுங்கோ.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் கண்டேன். உன்னை எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மண்டபத்துப் பிள்ளை, கொண்டுவந்த துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டது.

கூட்டத்துக்கு நானும் போனேன். கதிரை போட்டிருந்தார்கள், முன்வரிசையில். மேல் வயல்காரர்கள் கொஞ்சம் இழுத்தார்கள், சத்தமும் போட்டார்கள். சரசக்கா இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னா. இந்தச் சிறுபோகத்தில் எங்கள் பக்கத்துக்கும் பங்கு கிடைத்தது. அமைப்பின் நிர்வாகத்தில் சரசக்காவின் பெயர் இருக்கிறது. அதை முன்மொழிந்தது சிவலிங்கத்தார்தான், அக்கா. நீ நம்ப மாட்டாய்.

வாய்க்காலின் கடைசிக்குக் கோடைத் தண்ணீர் வந்த அன்று எங்கள் பெண்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வரம்பு வழியே தண்ணீரோடு ஓடினார்கள். நானும் ரீச்சர் என்பதை மறந்து ஓடினேன். அழவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கண்காட்சி முடிந்ததும் உன்னை ஊருக்குக் கொண்டுவந்து பொதுநோக்கு மண்டபத்தில் இருத்தியிருக்கிறோம். சிலர் இன்னும் கற்பூரம் கொளுத்துகிறார்கள். முதலில் தடுத்தேன், இப்போது விட்டுவிட்டேன். உன்னை நான் சாமியாக்கினேனா, சாமியிலிருந்து வெளியே எடுத்தேனா? நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னதை ஊருக்குச் சொன்னதில் கோபமா?

கொழும்பில் ஒரு பெரிய கண்காட்சிக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள். ‘பெயர் தெரியாத கிராமத்துத் தாய்த்தெய்வம்’ என்று தலைப்பு வைக்கலாமா என்று எழுதியிருந்தார்கள். முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். உனக்கு வாக்குத் தருகிறேன், அக்கா: எந்த ஊருக்குப் போனாலும் பவளம் என்ற உன் பெயரோடுதான் நீ போவாய். அடுத்ததாகச் சரசக்காவைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். அவாவுக்குக் கண், மூக்கு, நரைத்த முடி எல்லாம் வைத்து முழு முகம் வரைவேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் இடுப்பில் இருந்து வளர்ந்த
தங்கச்சி கமலி