மந்திரிக்கு எழுதிய மனு

வியாழக்கிழமை, குளச்சல் போய் வந்த பிறகு.

மத்திய அமைச்சரவையை மாற்றிவிட்டார்கள். வெளியுறவுத் துறை இணை அமைச்சருக்குப் பதவி போய்விட்டது. அவர் பெயருக்கு எழுதிய ஸ்டெல்லாவின் மனு இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.

எல்லை தாண்டி மீன்பிடித்தான் என்று அவள் கணவனை வளைகுடாவில் சிறையில் வைத்திருக்கிறார்கள். மனுவை எழுதியவன் நான். அன்றே தபாலில் போட்டிருக்கலாம். அமைச்சர் நாகர்கோவில் வரும்போது பொன்னாடை போர்த்தி, நேரில் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். போட்டோவில் நானும் இருப்பேனே! அவர் வரவே இல்லை. அவளிடமோ, கொடுத்தாயிற்று என்று எப்போதோ சொல்லிவிட்டேன். சீ.

இன்று பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மந்திரிய மாத்திட்டாவளாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "போவும்போ நம்ம மனுவ புது ஆளுகிட்ட ஒப்படைச்சிட்டுத்தானே போயிருப்பாரு, இல்லியா?"

"ஆமா மக்கா, ஒப்படைச்சிருப்பாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. பஸ் வந்ததும் அவசரமாக ஏறி உட்கார்ந்தேன். கீழே மறந்து வைத்த என் பையை அவள்தான் எடுத்து, ஜன்னல் வழியாக நீட்டினாள்.