சத்தமாக வாசி, சில்வண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

இது நானே எழுதும் கடிதம். அப்படியானால் இத்தனை நாள் வந்ததெல்லாம் யார் எழுதியது என்று கேட்பாய். எழுதிய கை என்னுடையது, பேச்சு பெரியக்காவுடையது. எங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அவளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவள் வாசித்துத் தலையாட்டினால்தான் எந்தக் கடிதமும் தபாலுக்குப் போகும். 'சாப்பாடு ருசி, வேலை லேசு' என்று மாதாமாதம் வந்ததே, அதை இங்கே எல்லாப் பெண்களும் அவள் சொல்லித்தான் எழுதுகிறோம். இந்தத் தாள் காலர் வெட்டும் அளவுத்தாள். தையல் கூடத்துக்குப் பட்டன் மூட்டை கொண்டுவரும் அக்கா இதைப் பைக்குள் மறைத்துப் போய்த் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நல்லவள்.

சில்வண்டு, நீதானே வாசிக்கிறாய்? அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் உன் சொந்தச் சரக்கையும் சேர்த்து விடுவாய், எனக்குத் தெரியாதா? இன்றைக்கு ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. அம்மா அழுதாலும் நிறுத்தாதே.

அம்மா, சனிக்கிழமை வெள்ளைச் சட்டை மாமா வீட்டுக்கு வருகிறார். அப்பா இடுப்பொடிந்து படுத்த வாரம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்தான். இப்போது சில்வண்டைக் கேட்டு வருகிறார். இதற்குக் காரணம் நான்தான். போன கடிதத்தில், என் கிழிந்த பாவாடையில் அவள் போட்ட தையல் எங்கே இருக்கிறதென்று இன்னும் தேடுகிறேன், அவ்வளவு நுணுக்கம் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். தங்கச்சியைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் ஆசை. பெரியக்கா வாசிப்பாள் என்று தெரிந்தும் எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாளே கூப்பிட்டு அவள் வயது என்ன என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அதனால் என்ன, பதினெட்டு என்று எழுதிக்கொள்ளலாம் என்றாள். பதினாலு வயது எனக்கே இங்கே பத்தொன்பது நடக்கிறது.

பிறகு, தங்கச்சியை அனுப்பி வை என்று உனக்கு எழுதச் சொன்னாள். மாட்டேன் என்றேன். மூன்று நாள் என்னை நிற்க வைத்தே நூல் கத்தரிக்க விட்டார்கள். கால் இரண்டும் வீங்கிப் போயின. பக்கத்தில் யாரும் என்னோடு பேசக் கூடாது என்று உத்தரவு. நான்காம் நாள் எழுதிக் கொடுத்தேன். எழுதாவிட்டால் பட்டன் மூட்டை இறங்கும் வாசல் பக்கம் என்னை விடமாட்டார்கள், உனக்குச் செய்தி சொல்லவே முடியாது என்றுதான் எழுதினேன். பயமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆகவே வெள்ளைச் சட்டை மாமா அந்தக் கடிதத்தை நீட்டுவார். 'உங்க பொண்ணே கூப்பிடுறா, பாருங்க' என்பார். கையெழுத்து என்னுடையதுதான். நம்பாதே. அப்பாவின் வைத்தியத்தைப் பற்றியும் பேசுவார். வார்த்தையில் தேன் ஒழுகும், நாம் ஏற்கெனவே நக்கிப் பார்த்த தேன்தான். வாசலிலேயே நிற்க வை.

அவர் வரும் வரை காத்திருக்காதே. தகரப் பெட்டியில், போர்வைக்கு அடியில் என் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அதோடு பெரிய டீச்சரிடம் போ. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே என்று அவர் அன்று உன்னிடம் சண்டை போட்டபோது நீ கோபித்துக்கொண்டாய். அதை மனதில் வைக்கமாட்டார். அவரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ. அதிகாரிகள் வந்தால் சின்னப் பெண்களான எங்களைத் துணிக் கிடங்கில் போட்டுப் பூட்டி, கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். போன முறை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இஸ்திரி மேசைகளுக்குப் பின்னால் பெட்டிகளை நகர்த்திப் பார்க்கச் சொல். இந்த முறை நான் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவேன். மற்றவர்களிடமும் பேசிவிட்டேன். ஒன்பது பேர் தட்டுவோம்.

அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று சொன்னால் அதுவும் பெரியக்கா சொல்லி எழுதியது போல ஆகிவிடும். வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்வோம். அப்பாவை வேளைக்கு மாத்திரை போடச் சொல்.

சில்வண்டின் ஒரு கையில் இந்தக் கடிதம் இருக்கும். அவளுடைய இன்னொரு கையை நீ பிடித்துக்கொள். வாசித்து முடிந்த பிறகும் விடாதே, அம்மா.

கதவுச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
உன் மூத்தவள்